காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயமா?

நாட்டின் பொருளாதாரம் போட்டித்திறன் பெறவேண்டும், வரிக்கொள்கை சீர்படவேண்டும் என ஐக்கிய மக்கள் சக்தியின் ஹர்ஷ டி சில்வா வலியுறுத்தி வருகிறார். நன்று! ஆனால், அந்தத் திறனைக் கெடுத்தவர் யார்? கேடு யார் தலையில் விழுந்தது?

2019 டிசம்பரில் கோத்தாபய அரசு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியது, திறைசேரி வறண்டது. 2020 ஒக்டோபரில் சீனித் தீர்வை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாயிற்று. இறக்குமதியாளர் கொழுத்தனர், கடையில் விலை இறங்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனுக்குக் கைவிரித்தது. 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாகி, டீசல் மீதும் விழுந்தது.

விருந்துண்டவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்! கோப்பாய்க் கமக்காரன் செய்த குற்றம் யாது? அவன் வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றும் லொறியின் டீசலுக்கும் வரி. அவன் கிழங்கு கிண்டும் வேளையில் துறைமுகத்தில் இறக்குமதிக் கிழங்கு. இவனா உலகத்தோடு போட்டியிடுவது? சம்பளம் கைக்கு வருமுன்பே வரி கழிக்கப்படும் மருத்துவரும் பொறியியலாளரும் கடல்கடக்கின்றனர்.

போட்டித்திறன் மாநாட்டு மண்டபத்தில் முளைப்பதன்று. தோட்டத்து வரம்பில் முளைப்பது. எதிர்க்கட்சியைக் கேட்கிறோம்: நாளை ஆட்சி உங்கள் கைக்கு வந்தால், வலியவனிடம் வரியை அறவிட்டு, உழவனின் சுமையை இறக்குவீர்களா? இன்றே நாடறியச் சொல்லுங்கள்!