நீலம் பாரித்த கண்

சென்ற இதழில் பல்வலிக்குக் கைமருந்து சொன்னேன். இந்தத் தடவை கைமருந்தில் அடங்காத விஷயம்.

என் நாத்தனார் தன் பெண்ணை என் கடைசிக் கொழுந்தனுக்கே கட்டிக் கொடுத்தாள். சொந்தத் தாய்மாமன், எல்லோருக்கும் திருப்தி. பிறந்த பையனுக்கு விழியின் வெள்ளைப் பகுதி நீலமாக இருக்கும். "கிருஷ்ணன் கண்ணு!" என்று என் மாமியார் திருஷ்டி சுற்றிப் போடுவார். விரல்களைப் பின்பக்கம் வளைத்துக் காட்டிச் சிரிக்க வைப்பான். கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டான். பிடிவாதம் என்று அவன் அம்மா இரண்டு அடி வைப்பாள்.

2019-ல், ஐந்து வயதில், ரப்பர் பந்து கண்ணில் பட்டது. பலமான அடியே இல்லை. கருவிழி கிழிந்துவிட்டது. தையல் போட்டும் அந்தக் கண்ணில் பார்வை மங்கல்தான்.

டாக்டர் முதலில் கேட்டது, "சொந்தத்தில் கல்யாணமா?" என்றுதான். நோயின் பெயர் பிரிட்டில் கார்னியா சிண்ட்ரோம். மிக அபூர்வம். கருவிழியின் முன்னால் இருக்கும் கார்னியா சாதாரணமாக அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். இவனுக்கு அதில் பாதிதான். உடம்பைக் கட்டி வைத்திருக்கும் இணைப்புத் திசுவிலேயே குறை. வெள்ளை விழி மெலிந்து உள்ளே இருக்கும் கருமை தெரிவதால்தான் அந்த நீலம். விரல் வளைவதும் அதனால்தான். காதும் மந்தமாகலாமாம்.

"அத்தை, காது கேக்காமலா இருந்தான்? அதுக்கா அடிச்சேன்?" என்று அவள் அழுததை மறக்க முடியவில்லை.

யார் வயிற்றுக் குற்றம் என்ற பேச்சும் எழுந்தது. டாக்டர் அதை அடக்கினார். குறை அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கிய சொந்தத்தில் இருவருக்கும் ஒரே குறை இருப்பது அதிகம்.

ஒன்றரை வயதுத் தங்கையையும் சோதித்தார்கள். அவளுக்கும் அதேதான். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடியை அன்றே மாட்டிவிட்டார்கள். இன்று அவள் பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டு கண்ணும் பத்திரமாக.

பச்சைக் குழந்தைக்கு லேசான நீலம் இருப்பது சகஜம், பயப்படாதீர்கள். வளர்ந்தும் நீலம் மாறாவிட்டால், அதோடு விரல் மூட்டுகளும் அதிகமாக வளைந்தால், கண் டாக்டரிடம் காட்டி கார்னியாவின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். கண்ணில் அடிபட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான்.

திருஷ்டி கழித்தோம், சோதிக்கத் தோன்றவில்லை. நீங்களாவது பாருங்கள்.