முதல் பட்டதாரிக்கு யார் அறிமுகம்?

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில வரும் பிள்ளைக்கு வருவாய்த் துறை 'முதல் பட்டதாரி' எனச் சான்றிதழ் வழங்குகிறது. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்விக்கு வருவோர் அதைக் காட்டிக் கட்டணச் சலுகை பெறும் ஏற்பாடு 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. இத்தனை பேரைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது அரும்பணியே. அவர்கள் வெளியேறும் நாளைப் பற்றித்தான் போதிய கவலை இல்லை.

பணியிடம் காலியாவது விளம்பரம் வெளிவருமுன்பே உள்ளிருப்போருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊழியர் பரிந்துரைக்கும் ஆளைத் தேர்வுக்கு அழைப்பதும், பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை அளிப்பதும் மென்பொருள் நிறுவனங்களில் வழக்கம். சித்தப்பாவோ மாமனோ அங்கே பணிபுரியும் பிள்ளைக்குக் கவலையில்லை. நெசவாளியின் மகளுக்கு அவ்விடத்தில் நிற்கக்கூடியவர், ஈராண்டு முன்னதாக அதே விடுதியில் தங்கிப் படித்த அக்காள் ஒருத்தியே. வேலைக்கு முன்பணம் கேட்கும் இடத்தை ஏன் நம்பக்கூடாது, மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் என்ன செய்வது, சொல்லப்படும் ஊதியத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்பனவற்றை எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை. நேர்காணலில் குடும்பப் பின்னணியை வினவுவது வேலையளிப்போரிடையே இயல்பாகிவிட்டதை, சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தந்தையின் தொழிலைக் கேட்டால் தயங்காமல் விடையிறுக்கவும் அந்த அக்காளே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நாணவேண்டியவர் கேட்பவர் என்பது வேறு.

ஆயினும், தோழமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே விடுதியினர் அறிந்த நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றே. முதலில் சென்றவர் குறைந்த ஊதியத்தில் சிக்கினால், பின்வருவோரும் அங்கேயே போய்ச் சேர்கின்றனர். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை இங்கே எண்ணத்தக்கது. பாஸ்டன் புறநகரில் அறிமுகங்களின் வழியே வேலை பெற்றவர்களுள், அடிக்கடி சந்திப்பவரால் பெற்றோர் ஏறத்தாழ 17 விழுக்காட்டினரே. ஏனையோருக்கு உதவியவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ சந்திக்கும் மனிதர்கள். நெருங்கிய நண்பர் துணிவு தருவார். புதிய செய்தி சற்று எட்ட நிற்பவரிடமிருந்தே வருகிறது.

ஆகவே, வகுப்புத் தோழர் வட்டத்தோடு நின்றால் போதாது. பத்தாண்டு முன் படித்தவரையும் பிற துறையினரையும் அயல் கல்லூரியினரையும் மாணவரோடு இணைத்தாக வேண்டும். 2022இல் தொடங்கப்பெற்ற 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சி அளிக்கிறது. இத்தகைய அறிமுகங்களையும் அது தன் பணியாக ஏற்கலாம். அரசுக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் முன்னாள் மாணவர் பதிவேட்டை இக்கல்வியாண்டிலேயே தொடங்கட்டும். அப்பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு வகுப்பு நேரத்தைக் குறைத்து, உரிய நிதியையும் ஒதுக்க வேண்டும். பரிந்துரைகளால் ஆள் சேர்க்கும் நிறுவனங்களும், பரிந்துரைக்க ஆளில்லாதவர்களுக்கென ஆண்டுதோறும் குறிப்பிட்ட இடங்களைப் பொதுத்தேர்வின் வழியே நிரப்பட்டும்.