கரண்ட் வந்ததும் தானா சுத்தக்கூடாது!

மாவு ஆட்டும்போது கரண்ட் போனால், "முதல்ல கிரைண்டர் சுவிட்சை ஆஃப் பண்ணு" என்று அம்மா குரல் கொடுப்பார். மாவைத் தள்ளக் கைவிடும் நேரத்தில் கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். என் தம்பிக்கு அது போன மாதம்தான் புரிந்தது.

தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். கோவையில் சித்தப்பாவின் லேத் பட்டறையில் ஓரமாகக் கிடந்த சின்ன மில்லிங் மெஷினை, கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓட வைக்கிறேன் என்று விடுமுறையில் இறங்கினான். மில்லிங் மெஷினில் கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டுக்குத்தான் ஸ்பிண்டில் என்று பெயர். இந்த மெஷினில் அதைச் சுற்றுவது அரை ஹெச்.பி. மோட்டார்.

லேப்டாப்பிலிருந்து யூ.எஸ்.பி. வயர் ஒரு ஆர்டுயினோ போர்டுக்குப் போனது. போர்டிலிருந்து ஒரு சின்ன நீல நிற ரிலே. அந்த ரிலே வழியாக மோட்டாருக்கு 230 வோல்ட். கட்டளை கொடுத்ததும் ரிலே 'டிக்' என்றது, ஸ்பிண்டில் சுற்றியது. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்தது. நாங்களும் கைதட்டினோம்.

இரண்டாவது நாள், அலுமினியத் துண்டை வெட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஸ்பிண்டில் நின்றது. கட்டரில் சுற்றியிருந்த சீவலை எடுக்கத் தம்பி கையை நீட்டினான். "டேய், கையை எடு!" என்று சித்தப்பா கத்த, அவன் இழுத்துக்கொண்டான். சில நொடிகளில் கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடாமலே ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பித்தது.

எங்கே தப்பு?

ரிலே என்பது கரண்டால் இயங்கும் சுவிட்ச். உள்ளே இருக்கும் காயிலுக்கு 5 வோல்ட் கிடைத்தால் அது காந்தமாகி, மோட்டார் பக்கத் தகடுகளை ஒட்ட வைக்கும். பட்டறையில் கரண்ட் போனபோது லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யூ.எஸ்.பி. வழியாக ரிலேவுக்கு 5 வோல்ட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்பிண்டில் நின்றுவிட்டது, ஆனால் அதன் சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருந்திருக்கிறது!

இன்னொரு பிரச்னையும் இருந்தது. ரிலே மீது 10 ஆம்பியர் என்று போட்டிருந்ததை நம்பி மோட்டாரை நேரடியாக மாட்டியிருந்தான். அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 4 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் 5, 6 மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில் ரிலேவின் தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் கம்ப்யூட்டரில் எத்தனை முறை 'நில்' என்றாலும் மோட்டார் நிற்காது.

சித்தப்பா சொன்ன தீர்வு

"தோட்டத்துல கிணத்து மோட்டார் ஸ்டார்ட்டரைப் பாத்திருக்கியா கண்ணு? கரண்ட் போய்ட்டு வந்தா, பச்சை பட்டனை அமுக்காம ஓடுமா?" என்று கேட்டார்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது கான்டாக்டர். மோட்டாரின் கிளம்பும் கரண்ட்டைத் தாங்குகிற பெரிய ரிலே. பச்சை பட்டனை அமுக்கினால் அது ஒட்டும். ஒட்டியதும் தன்னுடைய இன்னொரு முனை வழியாகத் தன் காயிலுக்குத் தானே கரண்ட் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அமுக்கும்வரை அசையாது.

இப்போது தம்பியின் மெஷினில் முதலில் அப்படி ஒரு ஸ்டார்ட்டர். அதற்கு அடுத்து இன்னொரு கான்டாக்டர். நீல ரிலே இந்த இரண்டாவது கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிறது. மோட்டார் சூடானால் துண்டிக்க ஓவர்லோடு ரிலே. எட்டும் தூரத்தில் காளான் மாதிரி பெரிய சிவப்பு எமர்ஜென்சி பட்டன். அதை அடித்தால் கம்ப்யூட்டரைக் கேட்காமல் ஸ்டார்ட்டரின் பிடியே விட்டுப்போகும்.

நீங்களும் செய்வதாக இருந்தால்...

* ரிலேவில் என்.ஓ., என்.சி. என்று இரண்டு முனைகள் இருக்கும். என்.ஓ.வில் மாட்டுங்கள். என்.சி.யில் மாட்டினால் ரிலேவுக்குக் கரண்ட் இல்லாதபோதுதான் மோட்டார் ஓடும்.

* சில ரிலே மாட்யூல்கள் தலைகீழ். சிக்னல் தாழ்ந்தால்தான் ஒட்டும். போர்டில் கட்டளை ஏதும் இல்லாதபோதே ஸ்பிண்டில் சுற்றலாம். அதனால் முதலில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டிப் பாருங்கள்.

* வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. இருந்தால், அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் ரிலேவைப் போடாதீர்கள். வி.எஃப்.டி.யிலேயே உள்ள ரன் முனையில் கொடுங்கள்.

* கரண்ட் போனால் கம்ப்யூட்டரில் 'நில்' கொடுத்த பிறகே பச்சை பட்டனைத் தொடுங்கள். கட்டரில் கை வைக்கும் முன் மெயினை அணையுங்கள்.

* 230 வோல்ட் வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் கட்டாயம்.

எல்லாம் முடிந்ததும் சித்தப்பா மெயினை அணைத்துப் போட்டுக் காட்டினார். ரிலேவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஸ்பிண்டில் அசையவில்லை. அந்த வீடியோவும் குரூப்பில் வந்தது. எதுவுமே சுற்றாத அந்த வீடியோவுக்குத்தான் அம்மா முதல் ஆளாக ஹார்ட்டின் போட்டார்.

வீட்டுக் கிரைண்டரில் இந்த ஸ்டார்ட்டர் எல்லாம் இருக்காது. கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்க வேண்டியது நாம்தான்!