யாருக்குக் குறைந்த செலவு?

"பத்தே நாளில் ஐரோப்பா, குறைந்த செலவில் கல்விப் பயணம்" என்று கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. யாருக்குக் குறைந்த செலவு? ஷெங்கன் விசா கட்டணம் மட்டும் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். தினக்கூலிக்குப் போகும் அப்பாவின் கணக்கில் எதைக் காட்டுவது? போய்வந்தவருக்கு ஒரு சான்றிதழ். வேலை நேர்காணலில் அதற்குப் பெயர் 'தகுதி, திறமை'. (அப்பா கட்டிய பணம் எப்போது பிள்ளையின் திறமை ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.)

அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது பரோடா அரசின் உதவித்தொகையில். இன்று ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான்; இளங்கலை மாணவரின் பத்து நாளுக்கு அதில் இடமில்லை. 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளையும் விலக்கிவிட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய வெளிநாடு போகாதே என்பதுதானே அது!

வழி இல்லாமல் இல்லை. 2024இல் தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தில் 25 மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 25 போதாது. பயணமும் படிப்பில் ஒரு பகுதிதான் என்று சொல்லும் கல்லூரி, பாஸ்போர்ட் கட்டணம் முதல் விமானச் சீட்டு வரை தானே கட்டட்டும். போகிறவர்கள் பட்டியலில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கட்டும். முடியாதென்றால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பெண் போடக்கூடாது.