ரகசியம் திரைக்குப் பின்னால் இல்லை

குமாரலிங்கபுரத்தில் எங்க தெருவுக்கு டான் பிரவுன் வந்து சேர்ந்தது என் தம்பியின் பையில். 2000இல் வெளியான ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’. “அண்ணே, மதமும் விஞ்ஞானமும் மோதுற கதை. நம்ம ஆளுக கட்டாயம் படிக்கணும்” என்றான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் படித்தேன். விறுவிறுப்பு இருக்கு, மறுக்கல.

செர்ன் ஆய்வகத்தில், பாதிரியாராகவும் இருந்த ஓர் இயற்பியலாளர் கொல்லப்படுகிறார். நெஞ்சில் ‘இல்லுமினாட்டி’ என்று சூடு போட்டிருக்கிறது. பழி, விஞ்ஞானிகளின் ரகசியச் சங்கத்தின் மேல். கடைசியில் பார்த்தால் அப்படியொரு சங்கமே இல்லை. மறைந்த போப்புக்கு அணுக்கமாயிருந்த குருவே எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறார். (நிஜ இல்லுமினாட்டி 1776இல் பவாரியாவில் தொடங்கி, பத்தாண்டுக்குள் தடைசெய்யப்பட்டு ஒழிந்தது.)

தோழர்களே, இந்த முடிவை நமக்குச் சொல்ல ரோமாபுரி வேண்டுமா? சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தொங்குவது பொன் வில்வமாலை, பின்னால் வெறும் வெளி. அதைத்தான் ரகசியம் என்கிறார்கள். ரகசியம் வெளியில் இல்லை. திரையைப் பிடிச்சிருக்கிற கை யாருடையது என்பதில் இருக்கு.

அதே நடராசர் 2004 முதல் செர்ன் வளாகத்திலும் ஆடுகிறார். இந்திய அரசின் அன்பளிப்பு. அணுத்துகளின் ஆட்டத்தை நம் முன்னோர் அன்றே கண்டார்கள் என்று இங்கே ஒரு கூட்டம் புல்லரித்துப் போகிறது. நந்தனைப் பற்றி அந்தக் கூட்டம் வாய் திறப்பதில்லை. ஆதனூர்ச் சேரியிலிருந்து அந்த மனிதன் கோயில் முரசுக்குத் தோல் கொடுத்தான், யாழுக்கு நரம்பு கொடுத்தான். தோல் உள்ளே போச்சு, தோல் கொடுத்தவன் வெளியே நின்னான். உள்ளே போக அவன் தீயில் இறங்க வேண்டியிருந்தது, பூணூலோடு எழ வேண்டியிருந்தது. பெரிய புராணம் இதை அருள் என்கிறது. அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதோர்’ நூலைக் காணிக்கையாக்கிய மூவரில் நந்தனும் ஒருவர்.

பழங்கதை என்பீர்கள். 2022 பிப்ரவரியில் கனகசபையில் ஏறப்போன தலித் பெண்ணைத் தடுத்துத் தாக்கியதாகத் தீட்சிதர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

தம்பி விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கச் சொல்கிறான். நிற்கலாம். ஆனால் நான் படித்த பள்ளியில் சோதனைக்குழாயைக் கழுவுறது எங்க தெருப் பிள்ளைக வேலை, சோதனை செய்யறது மத்தவுக வேலை. கேட்டால், “கூட்டம் அதிகம்டா” என்பார் வாத்தியார். நாவலில் வருகிற சங்கத்துக்குக் குறியீடு வேணும், ரகசியக் கையெழுத்து வேணும். எங்க ஊர்ச் சங்கத்துக்கு அதெல்லாம் எதுக்கு? திருச்சுழிக்குப் போனாலும் அருப்புக்கோட்டைக்குப் போனாலும் டீக்கடையில் உட்கார்ந்த ரெண்டாவது நிமிசம் வருகிற கேள்வி ஒண்ணு போதும்: “தம்பிக்கு எந்தத் தெரு?”

மாணவத் தோழர்களே, உங்கள் கல்லூரியில் யாராவது நடராசரையும் அணுவையும் முடிச்சுப் போட்டுப் பேச வந்தால் வெளிநடப்பு செய்யாதீர்கள். கடைசிவரை உட்கார்ந்திருங்கள். கேள்வி நேரத்தில் எழுந்து அந்த முரசுத் தோலைப் பற்றிக் கேளுங்கள்.