பேர் எங்கட, படகு ஆருடையது?

பிரான்சிஸ்கோ எண்டொரு கப்பல். அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் இன்கட் நிறுவனம் கட்டி, 2013இல் தென்னமெரிக்காவுக்கு அனுப்பியது. ஒல்லியான இரண்டு அலுமினிய உடல்கள், அலையில் ஏறி விழாமல் அதைக் கிழித்துக்கொண்டு போகிற முனை. 99 மீற்றர் நீளம், கிட்டத்தட்ட 1000 பயணிகள், 150 கார்கள். பரீட்சார்த்த ஓட்டத்தில் மணிக்கு 58 கடல்மைல் போனது. ஏ9 வீதியில பஸ் அந்த வேகத்தில ஓடினால் பொலிஸ் மறிக்கும். உள்ளே தீர்வையற்ற கடை மட்டுமே 1000 சதுர மீற்றருக்கு மேல்! வேற்றுக்கிரகத்துச் சாமான் மாதிரித்தான் இருக்கு.

இப்படியொரு கட்டமரான் படத்தை முகநூலில் போட்டால், "இது தமிழன் கண்டுபிடிச்சது" எண்டு ஆராவது எழுதாமல் விடமாட்டினம். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

சொல் எங்கட, சந்தேகமேயில்லை. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் வெளிவந்த தன் பயணநூலில் அந்தப் பேராலேயே எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்கால பிணைக்கிற வித்தை பசிபிக் தீவுச் சனத்தின்ர. அதில ஏறித்தான் அவை ஹவாய் வரை போய்க் குடியேறினவை. பிறகு 1876இல் நதனியேல் ஹெரஷோப் கட்டின அமரில்லிஸ் எண்ட இரட்டையுடல் பாய்ப்படகு நியூயோர்க் போட்டியில மற்றப் படகுகளை முந்தினது. அந்த வகைப் படகில எங்கட சொல் ஒட்டிக்கொண்டுது. ஊர்ப்பேரை மாத்தினால் எப்படி வலிக்கும் எண்டு தெரிஞ்ச நாங்களே இன்னொரு சனத்தின்ர அறிவில எங்கட பேரை எழுதிவைக்கலாமா?

கட்டுமரத்துக்கு உடலே இல்லை. பாரம் குறைஞ்ச மரங்களை அருகருகாக வச்சுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுறது, அவ்வளவுதான். தண்ணி இடையால ஏறி இடையாலேயே வடியும். நிரம்ப இடமில்லாததால தாழவும் மாட்டாது. துறைமுகமில்லாத, அலை உடைகிற கரைக்கு இதைவிடக் கெட்டித்தனமான ஏற்பாடு கிடையாது. தொழில் முடிஞ்சு வந்தால் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவிடுவினம், ஊறினால் பாரம் கூடும் எண்டபடியால். பிரான்சிஸ்கோ தண்ணியை உள்ளே விடாமல் மிதக்குது, கட்டுமரம் விட்டு மிதக்குது. ரெண்டுக்கும் சொந்தமே இல்லை.

எங்களுக்கு உண்மையாக எரிச்சல் தாறது வேறை. மரம் கட்டிக் கடலுக்குப் போன சனத்தைச் சாதி சொல்லிக் கோயில் வாசலில மறிச்ச சமூகம் இது. அவையின்ர சொல் ஒக்ஸ்போர்ட் அகராதியில இருக்கு எண்டவுடன, அதைத் "தமிழன்" எண்டு பொதுச்சொத்தாக்கிக் கொள்ளுது. கலியாணப் பேச்சு வந்தால் அந்தப் பொதுத்தமிழன் எங்க போறாரோ தெரியாது.

பைபர் படகும் இயந்திரமும் வந்தாப்பிறகு கட்டுமரம் கட்டத் தெரிஞ்சவை குறைஞ்சுகொண்டு வருகினம். படம் பகிர்கிற ஆக்கள் ஒரு பின்னேரம் கரைக்குப் போய், எந்த மரம், எத்தனை கட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் என்ன பேர் எண்டு அங்க இருக்கிற பெரியவையிட்டக் கேட்டு எழுதி வைக்கலாம்.