இரங்கற் கவிதைகள் போதும்

சென்ற மாதம் ஒரு இரங்கற் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இறந்தவன் இருபது வயது மாணவன். ஆண்களை நேசித்தவன், அதை நண்பர்களிடம் அவன் ஒளித்ததுமில்லை. கூட்டத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. 'மென்மையான உள்ளம்' என்றார் ஒருவர். 'இந்த உலகத்துக்கு அவன் பொருந்தவில்லை' என்றார் இன்னொருவர். ஒரு கவிஞர், நம்மைப் போன்ற பத்திரிகைகளில் எழுதுகிறவர்தான், மரணத்தை விடுதலை என்று வர்ணித்து ஒரு கவிதை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இறந்தவன் வயதுப் பையன்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவனாவது அவனைப் போன்றவனாக இருக்கக்கூடும் என்று கவிஞருக்குத் தோன்றவில்லை. அந்தப் பையனின் காதில் அந்தக் கவிதை என்னவாக விழுந்திருக்கும்? உனக்கு இருப்பது இந்த ஒரு வாசல்தான் என்றுதானே?

சாவை அழகுபடுத்துவது நம் நவீன இலக்கியத்தின் பழைய வியாதி. உயிரோடு இருந்தபோது ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசாதவனைப் பற்றி, செத்த பிறகு படிமம் படிமமாக எழுதுகிறோம். இது பரிவு அல்ல, சுரணையின்மை. பொருந்தவில்லை என்றால் யாருக்கு யார் பொருந்தவில்லை என்று கேட்க வேண்டாமா? பிழை அவன் அமைப்பில் இருந்தது என்பதாக ஒரு தீர்ப்பை, அனுதாபத்தின் தொனியில் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பின் நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எவ்வளவு சௌகரியம்!

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். காரணங்களுக்கான பத்திகளில் குடும்பப் பிரச்சினை உண்டு, தேர்வில் தோல்வி உண்டு, காதல் விவகாரம் உண்டு. தன்பாலீர்ப்புக்காக வகுப்பிலும் வீட்டிலும் துரத்தப்பட்டவனுக்கு என்று ஒரு பத்தி கிடையாது. அவன் மற்றவற்றுக்குள் எங்கோ கரைந்துவிடுகிறான். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெயரே சொல்லப்படாத காரணத்தை யார் களையப் போகிறார்கள்?

பிறரைக் குற்றம் சொல்லிவிட்டு நழுவிவிட எனக்கு யோக்யதை இல்லை. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன். பதினைந்து வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து பதில் சொன்னான். மெல்லிய குரல். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் அதே குரலில் திருப்பிச் சொன்னான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை; அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டு வந்தேன். அதுதான் நான் செய்தது.

நாலு வருஷம் கழித்து ஒரு பஸ் ஸ்டாண்டில் அவனே என்னை அடையாளம் கண்டு வந்து பேசினான். "பசங்க சிரிச்சதுகூடப் பரவாயில்ல சார். நீங்களும் சிரிச்சீங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அன்று ராத்திரி விடுதியில் சாப்பிடாமல் கிடந்தவனை, சமையற்கட்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுப்பி உட்காரவைத்திருக்கிறார். "நீ எப்படி இருந்தாலும் நம்ம பிள்ளைதான், சாப்பிடு தம்பி" என்று சொல்லி விடியும்வரை கூடவே இருந்திருக்கிறார். "அவர் இல்லாட்டி நான் இல்ல சார்." அந்தப் பெரியவர் பாலியல் பற்றி எந்தப் புஸ்தகமும் வாசித்திருக்க மாட்டார். நான் நிறைய வாசித்திருந்தேன்.

சமையற்காரர் அறிந்திருந்ததை ஆய்வாளர்களும் பின்னால் வந்து சொல்கிறார்கள். அமெரிக்காவில் கெய்ட்லின் ரயனும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டாரால் கடுமையாக நிராகரிக்கப்பட்ட தன்பாலீர்ப்பு இளைஞர்கள், நிராகரிப்பு இல்லாத அல்லது குறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லியிருந்தார்கள். ட்ரெவர் ப்ராஜக்ட் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் எளியது: தன்னை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒரே ஒருவராவது இருப்பதாகச் சொன்ன இளையோரிடம், தற்கொலை முயற்சி 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே ஒருவர். வேறுபாடு பையனின் மனத்திடத்தில் இல்லை, அவனைச் சுற்றி இருப்பவர்களிடம் இருக்கிறது.

இதெல்லாம் மேற்கத்திய இறக்குமதி என்று சொல்கிற பண்பாட்டுக் காவலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இறக்குமதியானது 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. ஆண்மை திரிந்தவர் என்று தான் குறித்தவர்களைக்கூடத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணையில்தான் வைத்தது. அஃறிணைக்குத் தள்ளியது நம் வகுப்பறைகளும், 'ஒம்போது' என்று ஒரு எண்ணையே வசவாக்கிய நம் சினிமாவும்தான். 1990-இலேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. பிள்ளையை 'சரிசெய்ய' டாக்டரிடமும் சாமியாரிடமும் இழுத்துக்கொண்டு போகும் வீடுகளுக்கு இந்தச் செய்திகள் இன்னும் போய்ச் சேரவில்லை.

2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் அறியாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகுதான் உத்தரவு எழுதினார். 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடைசெய்த அந்த உத்தரவு, பள்ளி கல்லூரிகள் செய்ய வேண்டியவற்றையும் சொன்னது. அதே வருஷம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கழகம், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்து அணைத்துக்கொள்வது பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. கூச்சல் எழுந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. ஒரு நீதிபதி மாணவராக முடிந்தது. ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டிய நிறுவனத்துக்கு முதுகெலும்பு இல்லாமல் போயிற்று.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமில்லை. வகுப்பில் கேலி எழுந்தால் ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டும். பிள்ளை நம்பி ஒன்றைச் சொன்னால், அதை அவன் அனுமதியில்லாமல் வீட்டுக்குத் தந்தியடிக்கக் கூடாது. அதுவே அவனை முடித்துவிடலாம். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. கேட்டபின் தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் ஆள் இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் அதை எழுதிவைக்கலாம். தாயும் தகப்பனும் 'ஊர் என்ன சொல்லும்' என்பதை ஒரு ராத்திரி தள்ளிவைக்கலாம்.

அந்தக் கவிஞருக்கும் ஒரு வேண்டுகோள். கவிதையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பின்வரிசையில் இருந்த பையன்களைத் தேடிப் போங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். நானும் அங்கே இருந்தேன். கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் போய் உட்கார்ந்தேன், பதினைந்து வருஷம் தாமதமாக.